தோளில் உறுத்தாத ரைஃபிள்: நடை வேட்டைக்கு எடையும் காலிபரும்

அமெரிக்காவில் பயிருக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் தொல்லை கொடுக்கும் விலங்குகளை மொத்தமாக ‘வார்மின்ட்’ என்று சொல்லிவிடுவார்கள். கிழக்கு மாநிலங்களில் அது பெரும்பாலும் கிரவுண்ட்ஹாக்: வேலியோரத்தில் வளை தோண்டி, சோயா வயலில் புகுந்து தின்றுவிட்டு, ஆபத்து என்று தோன்றினால் பின்னங்காலில் எழுந்து நின்று பார்க்கும் கொழுத்த அணில் இனம். மேற்கே போனால் பிரெய்ரி டாக், பெயரில்தான் நாய், அதுவும் அணில் இனம்தான். அதற்கு ஒரு கிலோ எடை தேறுவதே பெரிது. ஓநாய்க்குச் சொந்தமான கயோட்டி அனேகமாக நாடு முழுக்க உண்டு. அது 10 முதல் 20 கிலோ வரை வரும்.

இவற்றைச் சுட இரண்டு வழிகள். ஒன்று, மேசை போட்டு உட்கார்ந்து, மணல் மூட்டைமேல் ரைஃபிளை வைத்து, 400 கஜம் 500 கஜம் என்று நாளெல்லாம் சுடுவது. அதற்குத் தடித்த குழல், பெரிய ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி), தோளில் பதியும் கனமான கட்டை எல்லாம் நல்லது. எடை அங்கே நண்பன். இன்னொன்று, காலையில் தோளில் ரைஃபிளை மாட்டிக்கொண்டு வேலியோரமாக மூன்று நான்கு மைல் நடந்து, விலங்கைக் கண்டால் பதுங்கிக் கிட்டே போய், ஒரு குண்டு, அதிகம் போனால் இரண்டு குண்டு சுடுவது. இந்தக் கட்டுரை இரண்டாவது ஆளுக்கு.

இதில் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்றுதான்: முதல் வகை வேட்டைக்கான ரைஃபிளை வாங்கி இரண்டாவது வகை வேட்டைக்குத் தூக்கிக்கொண்டு போவது. நானும் அதைத்தான் செய்தேன். கடையில் ‘வார்மின்ட்’ என்ற பெயரிலேயே ரைஃபிள் விற்கிறார்கள், வாங்கினேன். 26 அங்குல நீளத்தில் உலக்கை மாதிரி குழல். முதல் நாள் இரண்டாவது மைலில் வாரை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினேன். மூன்றாவது மைலில் ரைஃபிளைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். கடைசியில் ஒரு கிரவுண்ட்ஹாக் எழுந்து நின்றபோது, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அது வளைக்குள் போய்விட்டது.

எடையைக் குளியலறைத் தராசில் பாருங்கள்

விளம்பரத்தில் போடும் எடை வெறும் ரைஃபிளின் எடை. நீங்கள் சுமப்பது அதை மட்டுமல்ல. ஸ்கோப், அதைப் பிடிக்கும் வளையங்கள், வார், மேகசினில் தோட்டா, சிலர் குழலடியில் மாட்டும் பைபாட் என்ற இரட்டைக்கால் தாங்கி என்று ஒவ்வொன்றும் சேரும். என் பழைய ரைஃபிள் காகிதத்தில் ஒன்பதரை பவுண்டு. பெரிய ஸ்கோப்பும் பைபாடும் மாட்டியபின், அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறினேன், பிறகு தனியாக ஏறினேன். வித்தியாசம் 12 பவுண்டுக்கு மேல். ஐந்தரைக் கிலோ அரிசிப் பையை ஒரு தோளில் வைத்துக்கொண்டு வேட்டைக்குப் போன கதை.

நடை வேட்டைக்கு எல்லாம் சேர்த்து ஏழரை முதல் எட்டு பவுண்டு, அதாவது மூன்றரைக் கிலோவை ஒட்டி இருந்தால் போதும். அதற்கு வெறும் ரைஃபிள் ஆறு அல்லது ஆறரைப் பவுண்டில் இருக்க வேண்டும்.

அப்படியானால் ஐந்து பவுண்டு ரைஃபிள் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இல்லை. எடை குறையக் குறைய, தூக்கிக் குறி பார்க்கும்போது இதயத் துடிப்பும் கை நடுக்கமும் குழல் நுனியில் அப்படியே தெரியும். நின்றபடியோ உட்கார்ந்தபடியோ சுடும்போது கொஞ்சம் கனம், அதுவும் முன்பக்கம் லேசாகச் சாயும் கனம், கையை அடக்கிவைக்கும். மலையில் மான் வேட்டைக்காரர்கள் இறகு போன்ற ரைஃபிளைத் தேடுவதில் நியாயம் உண்டு, அவர்களுடைய குறி பெரிது. நம்முடைய குறி ஒரு கைப்பிடி அகலம்.

எடையைக் குறைக்க எங்கே கை வைப்பது? முதலில் குழல். மெல்லிய குழல் போதும், நீளமும் 20 முதல் 22 அங்குலம் போதும். .223 போன்ற தோட்டாவில் குழல் ஓர் அங்குலம் குறைந்தால் விநாடிக்கு 25, 30 அடி வேகம்தான் குறையும். வயலில் அது தெரியவே தெரியாது. முள்வேலிக்குள் நுழைந்து போகும்போது நான்கு அங்குலம் குட்டையான குழல் நன்றாகவே தெரியும்.

அடுத்தது ஆக்‌ஷன், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் ஓடும் இரும்புக் கூடு. இதைப் பலர் கவனிப்பதில்லை. பெரிய தோட்டாவுக்கான கூட்டிலேயே சின்னத் தோட்டாவையும் போட்டு விற்பது தொழிற்சாலைக்கு வசதி. டிக்கா டி3எக்ஸ் அப்படித்தான், எல்லாத் தோட்டாவுக்கும் ஒரே நீளக் கூடு. ஆனாலும் அதன் லைட் வகை நல்ல இலேசான ரைஃபிள், குறியும் நன்றாகப் பிடிக்கும். சின்னத் தோட்டாவுக்கென்றே சின்னக் கூடு செய்தவர்களும் உண்டு. சி.இசட் 527 அதில் பேர்போனது. கையில் எடுத்தால் பெரிய ரைஃபிளைச் சுருக்கிச் செய்த மாதிரி இருக்கும். இப்போது புதிதாகத் தயாரிப்பதில்லை, பழையது கிடைத்தால் விடாதீர்கள். ஹோவாவின் மினி ஆக்‌ஷனும் அதே யோசனையில் வந்ததுதான். செலவைப் பார்க்கிறவர்களுக்கு ரூகர் அமெரிக்கன். அதன் பிளாஸ்டிக் கட்டை அழகில் சேர்த்தியில்லை, ஆனால் சுட்டால் குறி தப்பாது.

மூன்றாவது ஸ்கோப். 6 முதல் 24 மடங்கு பெருக்கும் ஸ்கோப் தானே முக்கால் கிலோ வரும். அவ்வளவு பெருக்கம் நடை வேட்டையில் உபத்திரவம்தான். நடந்து வந்த மூச்சோடு 20 மடங்கில் பார்த்தால் விலங்கு கண்ணாடிக்குள் நிற்காமல் ஆடும். வெயில் நேரத்தில் கானல் வேறு நெளியும். 3–9 மடங்கு, 40 மில்லிமீட்டர் கண்ணாடி கொண்ட சாதாரண ஸ்கோப் நானூறு கிராமைச் சுற்றித்தான் வரும். 200 கஜத்தில் 9 மடங்கு என்றால் 22 கஜத்தில் வெறும் கண்ணால் பார்ப்பது மாதிரி. கிரவுண்ட்ஹாக்கின் மீசை தெரியும், வேறென்ன வேண்டும்?

காலிபர்: முதலில் தூரத்தைக் கேளுங்கள்

இங்கே கொஞ்சம் சொல்விளக்கம். தோட்டா என்பது முழுப்பொருள்: பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் கேப், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. காலிபர் என்பது குண்டின் அல்லது குழல் துளையின் குறுக்களவு, அங்குலத்தில். .22 என்றால் கிட்டத்தட்ட 0.22 அங்குலம், ஐந்தரை மில்லிமீட்டரைச் சுற்றி. ஆனால் பேச்சுவழக்கில் காலிபர் என்றால் தோட்டாவின் வகையையே சொல்வார்கள். அதனால்தான் குழப்பம். .22 ஹார்னெட், .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன் மூன்றும் ஏறக்குறைய ஒரே குறுக்களவுள்ள குண்டைத்தான் துப்புகின்றன. வித்தியாசம் பின்னால் இருக்கும் மருந்தில். ஹார்னெட்டில் 12 கிரெயின் மருந்து, .223இல் 25 சொச்சம், .22-250இல் 35க்கு மேல். குண்டையும் மருந்தையும் கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். 55 கிரெயின் குண்டு மூன்றரைக் கிராம்.

மருந்து கூடினால் வேகம் கூடும், குண்டு நேராகப் போகும் தூரம் கூடும். கூடவே சத்தம், தோளில் விழும் உதை, குழல் சூடு, போல்ட் கூட்டின் அளவு எல்லாம் கூடும். நடை வேட்டைக்காரனுக்கு இந்தப் பேரம் எங்கே கட்டுப்படியாகும் என்பதுதான் கேள்வி.

அதற்கு உங்கள் தூரம் தெரிய வேண்டும். குண்டு போகும் தூரம் அல்ல, உங்கள் கை போகும் தூரம். ஒரு சோதனை: 100 கஜத்தில் ஒரு காகிதத் தட்டை மாட்டி, மேசை இல்லாமல், தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி ஐந்து குண்டு சுடுங்கள். மேசையில் ஓர் அங்குலத்துக்குள் சுட்ட அதே ரைஃபிள், அதே ஆள், இப்போது நான்கு அங்குலத்துக்குப் பரத்தி வைத்திருப்பார். நான்கு அங்குலம் என்பது ஏறக்குறைய கிரவுண்ட்ஹாக்கின் உயிர்நிலை அகலம். அப்படியானால் 100 கஜம்தான் உங்கள் எல்லை, உங்கள் தோட்டா 400 கஜம் போனால் என்ன, 4000 கஜம் போனால் என்ன? கவைக்கோல் ஒன்றை ஊன்றி அதன்மேல் ரைஃபிளை வைத்துச் சுட்டால் பரவல் பாதியாகும், எல்லை 200 கஜத்தைத் தொடும். இரண்டு குச்சியை மேலே ரப்பர் வளையத்தால் கட்டினால் கவைக்கோல் தயார். அதற்குமேல் தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் கிட்டே போங்கள். நடை வேட்டையின் ருசியே அந்தப் பதுங்கலில்தான் இருக்கிறது.

சரி, இனி தோட்டாக்கள்.

.22 எல்.ஆர். எல்லாருக்கும் தெரிந்த சின்னத் தோட்டா. மலிவு, உதையே இல்லை. ஆனால் வேகம் குறைவு. 75 கஜத்துக்குமேல் கிரவுண்ட்ஹாக் அளவு விலங்கை இதனால் சுடுவது நியாயமில்லை, காயத்தோடு வளைக்குள் போய்ச் சாகும். பழகுவதற்கு இதைவிட நல்லது கிடையாது. அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

.17 எச்.எம்.ஆர். 2002இல் வந்தது. 17 கிரெயின் குண்டு, ஒரு கிராம் சொச்சம்தான், விநாடிக்கு 2550 அடி. 100 கஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால் 150இல் இரண்டரை அங்குலம் தாழும், 200இல் எட்டரை. ரைஃபிளும் இலேசு, சத்தமும் குறைவு. வீடுகள் அருகிலிருக்கும் சின்ன வயல்களுக்குக் கச்சிதம். எதிரி காற்று. மணிக்கு 10 மைல் காற்று குறுக்கே அடித்தால், அதாவது இலைகள் விடாமல் ஆடும் காற்று, 100 கஜத்தில் மூன்று அங்குலத்துக்குமேல் தள்ளிவிடும், 200 கஜத்தில் 15 அங்குலம். 150 கஜத்துக்குள் வைத்துக்கொள்வது உத்தமம். கயோட்டிக்கு வேண்டாம்.

.22 ஹார்னெட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1920களில் ஸ்பிரிங்ஃபீல்ட் ராணுவத் தொழிற்சாலையில் துப்பாக்கிப் பைத்தியங்கள் சிலர் ஒரு பழைய கறுப்புமருந்துத் தோட்டாவைப் பிடித்துப் புதிய மருந்து போட்டுப் பார்த்ததில் பிறந்தது. வின்செஸ்டர் 1930இல் தோட்டாவை விற்கத் தொடங்கியது. மெலிந்து நீண்ட பித்தளைக் கூடு, பென்சில் துண்டு மாதிரி. 35 கிரெயின் குண்டை 3100 அடி வேகத்தில் அனுப்பும். உதை .223இன் மூன்றில் ஒரு பங்குதான். இதன் அருமை சுட்டால்தான் புரியும்: விசையை அழுத்துகிறீர்கள், ஸ்கோப் அசைவதில்லை, குண்டு போய்ப் படுவதை உங்கள் கண்ணாலேயே பார்க்கிறீர்கள். தனியாக நடக்கிறவனுக்குப் பக்கத்தில் நின்று ‘இடது பக்கம் போச்சு’ என்று சொல்ல ஆள் கிடையாது. அந்த ஆள் வேலையை ஹார்னெட்டே செய்துவிடுகிறது. சத்தமும் பக்கத்து வயல்காரரைக் கோபப்படுத்தாத அளவு. குறை? 200 கஜம் தாண்டினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 200க்குக் குறி வைத்தால் 300இல் 17 அங்குலம் தாழ்ந்துவிடும். 200 கஜத்தில் அதே 10 மைல் காற்று 13 அங்குலம் தள்ளும். தோட்டாவும் எல்லாக் கடையிலும் கிடைக்காது, கிடைக்கும்போது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

.223 ரெமிங்டன். புதியவர் ஒருவர் ஒரே ஒரு ரைஃபிள்தான் வாங்குவேன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். 55 கிரெயின் குண்டு, 3240 அடி. 200 கஜத்துக்குக் குறி சரிசெய்தால் 100இல் ஒன்றரை அங்குலம் உயரும், 300இல் ஏழு அங்குலம் தாழும். அதாவது 225 கஜம் வரை தூரக் கணக்கே போடாமல் நடுவில் குறி வைத்துச் சுடலாம். 200 கஜத்தில் அந்த 10 மைல் காற்றுக்கு ஐந்து அங்குலத்துக்குள்தான் அசையும். கயோட்டிக்கும் போதும். ராணுவத் தோட்டாவின் உடன்பிறப்பு என்பதால் தோட்டா கிடைக்காத கடை அபூர்வம், விலையும் ஹார்னெட் போன்றவற்றைவிடக் குறைவு. அதனால் அதிகம் சுட்டுப் பழகலாம், கடைசியில் அதுதான் குறியைக் கூட்டும். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: குண்டைச் சுழலவைக்கும் குழலின் உள்முறுக்கு. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 9க்கு ஒன்று, 8க்கு ஒன்று, 7க்கு ஒன்று என்று பல உண்டு. 40 முதல் 55 கிரெயின் இலேசான குண்டுக்கு 12 அல்லது 9 தாராளம். நீளமான கனக் குண்டுக்குத்தான் 8, 7 வேண்டும். அவை வார்மின்ட் வேலைக்குத் தேவையில்லை.

.204 ரூகர் 2004இல் வந்தது. 32 கிரெயின் குண்டு 4225 அடி என்று விளம்பரம். 200க்குக் குறி வைத்தால் 300இல் நான்கு அங்குலம்தான் தாழும். உதை குறைவு, பாதை நேர்க்கோடு. வெட்டவெளியான மேற்கு மாநிலங்களில் நடந்து பிரெய்ரி டாக் தேடுகிறவருக்கு அருமையான தோட்டா. கிழக்கே வேலிக்கு வேலி 150 கஜம் இருக்கும் ஊரில் அந்த வேகம் வீண்.

.22-250, .220 ஸ்விஃப்ட், .243 மூன்றும் நல்ல தோட்டாக்கள், தப்பான இடத்தில் வைத்துப் பேசப்படுபவை. ஏழு பவுண்டு ரைஃபிளில் .22-250இன் உதை .223ஐப் போல ஒன்றரை மடங்கு, .243இன் உதை இரண்டு மடங்குக்கு மேல். தோள் வலிக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை, யாருக்கும் வலிக்காது. குழல் மேலே துள்ளி, குண்டு பட்ட இடத்தைப் பார்க்க முடியாமல் போவதுதான் நஷ்டம். மெல்லிய குழல் நான்கைந்து குண்டிலேயே தொட முடியாத சூடாகும். மான் வேட்டைக்கும் சேர்த்து ஒரே ரைஃபிள் வேண்டும் என்றால் .243 வேறு கதை.

குண்டுக்குப் பின்னால் என்ன

மெல்லிய தோலும் பிளாஸ்டிக் முனையும் கொண்ட வார்மின்ட் குண்டுகள் பட்டவுடன் தூளாக உடையும்படி செய்யப்பட்டவை. கல்லில் பட்டுத் தெறிக்கும் ஆபத்து குறைவு. குறைவு, அவ்வளவுதான். மெதுவாகப் போகும் .22 எல்.ஆர். குண்டுதான் தண்ணீரிலும் கல்லிலும் பட்டு எங்கெங்கோ தெறிக்கும். அதன் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சிட்டிருப்பார்கள். விலங்கு மேட்டின் உச்சியில் வானத்தை முதுகாக வைத்து நின்றால் சுடக்கூடாது. பின்னால் மண் சரிவு இருக்கும்போது மட்டும் சுடுங்கள். வேலி தாண்டும்போது போல்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுத் தாண்டுங்கள். பூட்டுப் பொத்தானை நம்பித் தாண்டாதீர்கள். செத்த பிரெய்ரி டாக்கை வெறுங்கையால் தொடாதீர்கள், அதன் தெள்ளுப்பூச்சி பிளேக் நோயைச் சுமக்கும்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உரிமம், பருவம், ஆரஞ்சுத் தொப்பி, எந்த வகைத் துப்பாக்கி என்று எல்லாவற்றையும் அந்தந்த மாநில வனவிலங்குத் துறையின் அந்த ஆண்டுக் கையேட்டில் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. பிரெய்ரி டாக் என்றாலே சுடலாம் என்றில்லை. யூட்டா மாநிலத்து இனம் ஒன்று மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. இன்னொன்று, நம்மவர்களுக்கு முக்கியமானது: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. நண்பர் துப்பாக்கியைச் சும்மா கையில் வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

ரைஃபிள் வாங்கிவிட்டீர்கள், ஸ்கோப் மாட்டிவிட்டீர்கள், அப்புறம் ஒரு வேலை. மேசையில் உட்கார்ந்து அடுத்தடுத்து ஐந்து குண்டு சுட்டு, ஓட்டைகளை அளந்து பெருமைப்படுவது எல்லாரும் செய்வது. மெல்லிய குழல் சூடேற ஏற மூன்றாவது, நான்காவது குண்டு கொஞ்சம் விலகத்தான் செய்யும். அதைப் பார்த்து ரைஃபிள் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. நடை வேட்டையில் நீங்கள் சுடப்போவது குளிர்ந்த குழலில் முதல் குண்டு. அதனால் ஒரே தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, போகும் நாளெல்லாம் அதில் முதல் குண்டை மட்டும் சுட்டு, பக்கத்தில் தேதியைக் குறியுங்கள். மற்றக் குண்டுகளை வேறு தாளில் சுடுங்கள். என் ஹார்னெட்டின் தாளில் ஏழு தேதிகள் இருக்கின்றன. ஆறு ஓட்டைகளை ஒரு பழைய ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம். ஏழாவது மட்டும் இரண்டு அங்குலம் தள்ளி இருக்கிறது. அன்றைக்குக் குழலைச் சுத்தம் செய்து எண்ணெய் தடவிவிட்டு, துணி விட்டுத் துடைக்காமலே கிளம்பியிருந்தேன்.